இடப்பக்கம் நோக்கிய மீன்: ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம் வழித்தடமும் சிக்லிட் மீன் புகைப்படத்தின் வரலாறும்

வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் வளரும் பெரிய மீன் ஒன்றைத் தெளிவாகப் படம் எடுக்க அலையில்லாத கண்ணாடியும், போதிய ஒளியும், அசையும் உயிரை நொடியின் சிறு பகுதிக்குள் பதிந்துவிடும் கருவியும் வேண்டும். இவற்றுள் கண்ணாடியும் கருவியும் சென்னைக்கு மேற்கே, பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டி இருங்காட்டுக்கோட்டையில் தொடங்கி ஸ்ரீபெரும்புதூர் வழியாகத் தெற்கே ஒரகடம் வரை நீளும் தொழில் வழித்தடத்தில் இன்று உருவாகின்றன. இந்த வழித்தடத்தின் வரலாற்றைக் கார்களையும் ஏற்றுமதியையும் கொண்டு எழுதுவதே வழக்கம். ஆயினும் அங்கே வார்க்கப்படும் கண்ணாடியும் கோக்கப்படும் கைபேசியும் எளிய வீடுகளுக்குள் நுழைந்தபோது, இருநூறு ஆண்டுக்கு மேற்பட்ட ஒரு பழக்கம், அதாவது மீனைப் பக்கவாட்டில் மட்டுமே காட்டும் பழக்கம், எவ்வாறு தளர்ந்தது என்பதும் அவ்வரலாற்றின் ஒரு பகுதியே.

சிக்லிட் என்பது தென் அமெரிக்கா, நடு அமெரிக்கா, ஆப்பிரிக்கா, மடகாஸ்கர் ஆகிய நிலங்களின் நன்னீர்களில் பெருகிக் கிளைத்த ஒரு பெரிய மீன் குடும்பம். ஆசியாவில் அதன் உறுப்பினர்கள் மிகச் சிலவே, அவற்றுள் மூன்று இனங்கள் தென்னிந்தியாவுக்கு உரியவை. தொட்டியில் வளர்ப்போர் பெரிய சிக்லிட் என்று சொல்லும்போது, முப்பது சென்டிமீட்டரைத் தாண்டி வளரும் ஆஸ்கர், நெற்றியில் மேடு புடைத்த பிளவர்ஹார்ன் போன்றவற்றையே பெரும்பாலும் குறிக்கின்றனர். இக்குடும்பத்து மீன்கள் முட்டையையும் குஞ்சையும் காப்பவை. எல்லை வகுத்துக்கொண்டு அதற்காகப் போரிடுபவை. தோலிலுள்ள நிறமி அணுக்களுக்குள் நிறமித் துகள்களைக் குவித்தும் பரப்பியும் மனநிலைக்கேற்ப நிறம் மாறுபவை. உணவிடுபவரைக் கண்டதும் கண்ணாடியருகே வந்து நேருக்கு நேர் பார்க்கும் இயல்பும் இவற்றுக்கு உண்டு; அந்த நேர்ப்பார்வையே இவற்றை வளர்ப்பவரின் பற்றுக்குப் பெரிதும் காரணமாகிறது. ஆனால் படங்களின் வரலாற்றில் மிகத் தாமதமாக இடம்பெற்றதும் அந்தப் பார்வையே.

தமிழகத்துக்கும் சிக்லிட் மீன்களின் உருவப் பதிவுக்கும் உள்ள தொடர்பு புகைப்படம் பிறப்பதற்கு முன்பே தொடங்கியது. பெர்லின் மருத்துவரான மார்க்கஸ் எலியேசர் பிளாக் 1782 முதல் 1795 வரை வெளியிட்ட மீன் நூல் வரிசையில் கையால் வண்ணமிட்ட 432 செப்புத்தகட்டுப் படங்கள் இடம்பெற்றன. அவருக்கு மீன்களை அனுப்பியவர்களுள் ஒருவர் தரங்கம்பாடி டேனிஷ் மிஷனில் பணியாற்றிய கிறிஸ்டோஃப் சாமுவேல் ஜான். அவர் பெயரைத் தாங்கிய கடல்மீன்கள் இன்றும் உண்டு. கேரளத்தில் கரிமீன் எனப் புகழ்பெற்றதும் தமிழகத்தின் உப்பங்கழிகளிலும் பழவேற்காடு ஏரியிலும் வாழ்வதுமான முத்துப்புள்ளிச் சிக்லிட்டுக்கு 1790இல் சூரத் நகரின் பெயரைச் சேர்த்து அறிவியல் பெயரிட்டவர் பிளாக்தான். அதன் சிறிய உறவான செம்மஞ்சள் சிக்லிட்டுக்கு 1795இல் பெயரிட்டவரும் அவரே. சாராயத்தில் ஊறியோ உலர்ந்தோ பெர்லினை அடைந்த உடல்களைப் பார்த்து வரையும் ஓவியருக்கு உயிர்நிறம் தெரிய வழியில்லை. மீனின் செதில் மின்னுவதற்கு அடித்தோலில் அடுக்கடுக்காக உள்ள குவானின் என்னும் பொருளின் நுண்படிகங்கள் காரணம். சாதாரண நிறச்சாந்தால் அந்த மின்னலைக் காட்ட இயலாததால், பிளாக்கின் படங்களில் பொன், வெள்ளி, வெண்கலப் பூச்சுகளும் பயன்பட்டன. நூலைச் சாய்த்துப் பார்த்தால் மட்டுமே ஒளிரும் அந்தப் பூச்சு, மீனின் ஒளி பார்க்கும் கோணத்தைப் பொறுத்தது என்பதை அக்காலக் கைவினைஞர்கள் நன்கு அறிந்திருந்ததைக் காட்டுகிறது.

அந்த ஓவிய மரபிலிருந்தே பக்கவாட்டு நிலை ஒரு விதியாயிற்று. தலை பார்ப்பவரின் இடப்புறம் இருக்க, மீனின் இடப்பக்கம் முழுவதும் தெரிய, துடுப்புகள் விரிந்திருக்க வரைவது பத்தொன்பதாம் நூற்றாண்டில் உறுதிப்பட்ட மரபாகும். அருங்காட்சியகத்தில் ஆய்வுக்காக அறுப்பதும் தசை எடுப்பதும் வலப்பக்கத்தில் நிகழ, இடப்பக்கம் காயமின்றிக் காக்கப்படும் பழக்கம் இன்றளவும் தொடர்கிறது. செதில்களையும் துடுப்பு முட்களையும் எண்ணி இனம் பிரிக்க வேண்டிய அறிவியலுக்கு அந்நிலை தேவைப்பட்டது. சென்னை மாகாண மருத்துவப் பணியில் இருந்து பின்னர் இந்திய மீன்வளத் துறையின் தலைமைக் கண்காணிப்பாளரான பிரான்சிஸ் டே, 1875 முதல் 1878 வரை வெளியிட்ட இந்திய மீன்கள் பற்றிய பெருநூலும் அந்த மரபையே பின்பற்றியது. இந்திய நீர்நிலைகளின் மீன்களை அடையாளம் காண அந்நூல் தலைமுறைகளாகப் பயன்பட்டிருக்கிறது. ஆயினும் அதன் பக்கங்களில் ஒரு மீன்கூடத் தன்னைப் பார்ப்பவரைத் திரும்பிப் பார்ப்பதில்லை.

கேமரா வந்தபோதும் இந்நிலை மாறவில்லை. லண்டன் விலங்கியல் பூங்காவில் 1853இல் மீன் கூடம் திறக்கப்பட்டது. மொண்டிசோன் பிரபு அப்பூங்காவின் பைக் மீனை அந்தப் பத்தாண்டிலேயே படம் எடுத்தார். அசையாமல் நீரில் மிதக்கும் பழக்கம் பைக் மீனுக்கு இருந்திராவிட்டால் அக்காலத் தகடுகளில் அது புகையாகவே பதிந்திருக்கும். அமெரிக்க இராணுவ மருத்துவரான ராபர்ட் ஷூஃபெல்ட் 1890களின் இறுதியில் வாஷிங்டனில் உயிர்மீன்களைத் தொட்டியில் வைத்துப் படமெடுக்கும் சோதனைகளை மேற்கொண்டார். சென்னையில் அருங்காட்சியகக் கண்காணிப்பாளர் எட்கர் தர்ஸ்டன் முன்மொழிந்த மீன் காட்சியகம் 1909இல் மெரினா கடற்கரையில் திறக்கப்பட்டது. உயிருள்ள மீனைக் கண்ணாடி வழியாகக் காணும் பழக்கம் இந்நகர மக்களிடம் பரவ வழிசெய்த அக்காட்சியகம், இரண்டாம் உலகப்போரின்போது மூடப்பட்டது. பிலடெல்பியாவைச் சேர்ந்த வில்லியம் இன்னஸ் 1935இல் வெளியிட்ட தொட்டிமீன் நூல், வீட்டுத் தொட்டி மீன்களின் உருவத்தைப் புகைப்படமாகவே பரப்பியது. அதிலும் பக்கவாட்டு நிலையே கோலோச்சியது.

இதற்கு மரபைத் தவிர ஒளியியலும் காரணம். லென்சு ஒரு குறிப்பிட்ட தூரத்தில் உள்ள தளத்தை மட்டுமே கூர்மையாகப் பதிக்கும். அத்தளத்துக்கு முன்னும் பின்னும் ஏற்கத்தக்க கூர்மையுடன் அமையும் பரப்பைக் கூர்மை ஆழம் எனலாம். பிலிம் பெரிதாகவும் பொருள் அருகிலும் இருந்தால் அந்த ஆழம் சில சென்டிமீட்டராகக் குறுகிவிடும். பெரிய ஆஸ்கர் ஒன்று சாய்ந்து நின்றால் கண் கூர்மையாகவும் வால் மங்கியும், அல்லது வால் கூர்மையாகவும் கண் மங்கியும் போகும். அதே மீன் பிலிமுக்கு இணையாக நின்றால் தட்டையான அதன் உடல் முழுவதும் ஒரே தளத்துக்குள் அடங்கிவிடும். எனவே செதில் எண்ணும் அறிவியல் விரும்பிய நிலையையே கேமராவும் விரும்பியது. சிறிய மீன்களைப் படமெடுத்தோர் கண்ணாடித் தகடு ஒன்றைத் தொட்டிக்குள் இறக்கி, மீனை முன் கண்ணாடியோடு ஒட்டிய ஒடுக்கமான இடைவெளிக்குள் நிறுத்தினர். பெரிய சிக்லிட்டை அவ்வாறு நெருக்க முடியாது. நெருக்கினால் அது கண்ணாடியில் மோதிக் காயமுறும், அச்சத்தால் நிறம் வெளிறும், பதிவாவது அதன் இயல்பான நிறமாக இராது. ஆகவே அதைப் படமெடுக்க விரும்புபவர் அதன் வாழிடத்துக்கே செல்ல வேண்டும். அதன் தொட்டியே படப்பிடிப்பு அறையாகும். அவ்வீட்டின் கண்ணாடியும் விளக்கும் வாய்த்தபடியே படமும் வாய்க்கும்.

பிலிம் காலத்தில் ஒளிதான் பெருந்தடை. தொட்டியின் மேல் வைக்கும் ஒற்றை டியூப்லைட்டின் ஒளியில், நூறு என்னும் வேகமுடைய பிலிமைக் கொண்டு மீனின் உடல் முழுவதும் கூர்மையாக வரும்படி லென்சின் துளையைச் சுருக்கினால், ஷட்டரை நொடியின் ஆறில் ஒரு பங்கு அளவுக்குத் திறந்துவைக்க வேண்டியிருக்கும். மார்புத் துடுப்பை ஓயாமல் அசைக்கும் மீனுக்கு அது மிக நீண்ட நேரம். மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஹரால்டு எட்ஜர்டன் 1930களில் வளர்த்தெடுத்த மின்னணு பிளாஷ் இத்தடையை நீக்கியது. ஆனால் லென்சுக்கு அருகில் இருந்து பாயும் பிளாஷ், முன் கண்ணாடியில் வெள்ளை வட்டமாகவும் செதிலின் குவானின் படிகங்களில் நிறமற்ற வெண்பரப்பாகவும் திரும்பி வந்தது. பிளாஷைத் தொட்டியின் மேல் வைத்து ஒளியைக் கீழ்நோக்கி விழச்செய்வதும், பக்கவாட்டில் சாய்த்து வைப்பதும், கேமராவுக்குப் பின்னால் கறுப்புத் துணி கட்டுவதும் அந்தப் பிழையிலிருந்து பிறந்த நுட்பங்கள். தமிழகத்தில் உதகமண்டலத்தில் ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் நிறுவனம் 1967 முதல் உற்பத்தி செய்த கறுப்பு வெள்ளைப் பிலிம் எளிதாகக் கிடைத்தபோதும், நிறமே உயிரான சிக்லிட்டுக்கு அது போதுமானதாக இல்லை. வண்ணப் பிலிமும் கழுவும் செலவும் ஒவ்வொரு சொடுக்கையும் விலையுயர்ந்ததாக்கின. எனவே மீன் வளர்ப்பு எளிய குடும்பங்களுக்கு எட்டிய பிறகும், மீன் புகைப்படம் சிலருக்கே எட்டியிருந்தது.

கண்ணாடியின் வரலாறு இதனினும் மௌனமானது; எழுதப்படாமல் விடப்பட்டதும் அதனால்தான் போலும். பழைய வீட்டுத் தொட்டிகள் இரும்புக் கோணச் சட்டத்தில் கண்ணாடியைப் பொருத்தி மக்கு பூசி அடைக்கப்பட்டவை. உலையிலிருந்து செங்குத்தாக இழுத்துச் செய்யப்பட்ட அக்காலத் தகட்டுக் கண்ணாடியில் மெல்லிய அலைகள் இருக்கும்; கண் அதைப் பொறுத்துக்கொண்டாலும் லென்சு பொறுப்பதில்லை. உருகிய வெள்ளீயத்தின் மேல் உருகிய கண்ணாடியை மிதக்கவிட்டு, இருபுறமும் தாமாகவே சமதளமாகும்படி ஆறவைக்கும் மிதவை முறையை இங்கிலாந்தின் பில்கிங்டன் நிறுவனம் 1959இல் உலகுக்கு அறிவித்தது. இந்தியாவில் இம்முறை 1990களின் முற்பகுதியில் குஜராத்தின் அங்கலேஸ்வரில் வேரூன்றியது. 2000ஆம் ஆண்டில் செயின்ட் கோபேன் நிறுவனத்தின் மிதவைக் கண்ணாடி ஆலை ஸ்ரீபெரும்புதூரில் தொடங்கியது. கட்டடச் சன்னல்களுக்காகவும் கார்களுக்காகவும் வார்க்கப்படும் இவ்வகைக் கண்ணாடியை வெட்டி, சிலிக்கான் பசையால் ஒட்டிச் சட்டமில்லாத தொட்டி செய்வது இன்று ஊர்தோறும் கண்ணாடிக் கடைகளின் வழக்கமான வேலை. நான்கடி நீளமும் இரண்டடி அகலமும் இரண்டடி உயரமும் உள்ள ஒரு தொட்டி ஏறத்தாழ 450 லிட்டர் நீரைத் தாங்கும். சுவரின் மேல் அழுத்தம் நீரின் உயரத்தைப் பொறுத்தது என்பதால், அத்தகைய தொட்டிக்குப் பத்து அல்லது பன்னிரண்டு மில்லிமீட்டர் தடிமனுள்ள கண்ணாடி வேண்டும்.

தடித்த கண்ணாடியிலும் குறை உண்டு. மணலில் கலந்துள்ள இரும்பு, கண்ணாடிக்கு இளம்பச்சைச் சாயலைத் தருகிறது. தடிமன் கூடக்கூடச் சாயலும் கூடுகிறது. ஆஸ்கரின் செம்மை அதனால் மங்குகிறது. நீரின் ஒளிவிலகல் எண் 1.33 ஆதலால், கண்ணாடிக்கு நாற்பது சென்டிமீட்டர் பின்னால் உள்ள மீன், வெளியிலிருந்து பார்ப்பவருக்கு முப்பது சென்டிமீட்டர் தூரத்தில் இருப்பதாகத் தோன்றும். கேமராவைக் கண்ணாடிக்குச் செங்குத்தாகப் பிடித்தால் இத்திரிபு படத்தைக் கெடுப்பதில்லை. சாய்த்துப் பிடித்தால் நிறங்கள் வெவ்வேறு கோணங்களில் விலகி, துடுப்பின் ஓரங்களில் நீலமும் சிவப்பும் கசியும். நேராக நின்று படமெடுக்க வேண்டும் என்னும் அறிவுரைக்கு அடிப்படை இதுவே.

மீன்கள் வந்த வழி வேறு. சென்னையில் 1900ஆம் ஆண்டு முதல் இயங்கிய மூர் மார்க்கெட்டில் பழைய நூல்களோடு பறவைகளும் வளர்ப்புயிர்களும் விற்கப்பட்டன. 1985 மே மாதத் தீ அந்த அங்காடியை அழித்தது. வண்ணமீன் உற்பத்தியின் மையமோ நகரின் வடமேற்கிலுள்ள கொளத்தூரில் உருவாயிற்று. அங்கே வீட்டுக் கொல்லைகளிலும் சிமென்ட் தொட்டிகளிலும் மீன் குஞ்சு வளர்ப்பது குடும்பத் தொழிலாகி, பின்னர் அகில இந்திய வணிகமாக வளர்ந்தது. மலேசியாவில் 1990களில் நடு அமெரிக்கச் சிக்லிட் இனங்களைக் கலந்து உருவாக்கிய பிளவர்ஹார்ன், புத்தாயிரத்தின் தொடக்கத்தில் ஆசியாவெங்கும் பரவியபோது, நற்பேறு தரும் மீன் என்னும் நம்பிக்கையும் உடன் பரவியது. நெற்றிமேட்டின் அளவும், விலாவில் எழுத்துகள் போல ஓடும் கருங்கோடுகளின் வடிவமுமே இம்மீனின் விலையைத் தீர்மானிப்பதால், மீன் வாங்குவோருக்கு நல்ல பக்கவாட்டுப் படம் ஒரு வணிக ஆவணமாயிற்று. அறிவியல் நூலிலிருந்து விலைப்பட்டியலுக்கு இடம்பெயர்ந்த அந்த நிலைக்கு, அங்கும் அதே பணிதான்: எண்ணத்தக்கவற்றை எண்ண உதவுவது.

வழித்தடத்துக்குத் திரும்பினால், இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலைக்கு 1996இல் அடிக்கல் நாட்டப்பட்டு, 1998இல் கார் உற்பத்தி தொடங்கியதும் தமிழ்நாடு அரசின் சிப்காட் நிறுவனம் அமைத்த தொழிற்பூங்காக்கள் ஏரிகளுக்கும் வயல்களுக்கும் நடுவே அடுத்தடுத்து எழுந்தன. ஒரகடத்தில் ரெனோ–நிசான் ஆலை 2010இலும், டெய்ம்லர் சரக்குந்து ஆலை 2012இலும் திறக்கப்பட்டன. புகைப்பட வரலாற்றுக்கு இவற்றைவிட முக்கியமானது 2006 சனவரியில் ஸ்ரீபெரும்புதூரில் உற்பத்தி தொடங்கிய நோக்கியா கைபேசி ஆலை. ஆயிரக்கணக்கான இளம்பெண்கள் பணியாற்றிய அந்த ஆலை, வரித் தகராறின் காரணமாக, நோக்கியாவின் கைபேசி வணிகத்தை வாங்கிய மைக்ரோசாஃப்ட் நிறுவனத்துக்கு மாற்றப்படாமல் விடுபட்டு, 2014 நவம்பர் முதல் நாளோடு நின்றுபோனது. பலருடைய வாழ்வாதாரத்தைக் குலைத்த அந்த முடிவு இவ்வட்டாரத்தின் ஆறாத வடு. ஆயினும் கைபேசித் தொழில் இங்கிருந்து அகலவில்லை. ஃபாக்ஸ்கான் நிறுவனம் 2019இல் ஸ்ரீபெரும்புதூரில் ஐபோன் எக்ஸ்ஆர் கைபேசிகளைக் கோக்கத் தொடங்கியது. அடுத்தடுத்த ஆண்டுகளில் புதிய வகைகளும் அங்கிருந்து உலகுக்குச் சென்றன.

கைபேசியின் ஒளியுணரி, அதாவது பிலிமின் இடத்தைப் பிடித்த மின்னணுத் தகடு, விரல்நகத்தைவிடச் சிறியது. உணரி சிறியதாயின் லென்சின் குவியத்தூரமும் குறையும். குவியத்தூரம் குறைந்தால் கூர்மை ஆழம் பெருகும். பெரிய கேமராக்களின் ஆர்வலர் குறையாகக் கருதும் இப்பண்பு, சிக்லிட் படமெடுப்போருக்குப் பெரும்பேறாக அமைந்தது. கண்ணாடியருகே வந்து நேராக நிற்கும் ஆஸ்கரின் உதடும், இரு கண்களும், பின்னால் வளையும் உடலும் ஒரே படத்தில் தெளிவாக வரத் தொடங்கின. பக்கவாட்டு நிலையைக் கட்டாயமாக்கிய ஒளியியல் காரணம் பெருமளவு விலகியது. ஓவியரும் பிலிமும் தர இயலாத நேர்ப்பார்வையை, வீட்டிலுள்ள யார் வேண்டுமானாலும் பதியலாயினர். கைபேசியைக் கண்ணாடியோடு ஒட்டிப் பிடித்தால் எதிரொளிப்பும் மறைந்துவிடும். பெரிய கேமராவில் அதற்காக ரப்பர் கவசம் தேடவேண்டும். சிக்லிட் மீன்களின் நடத்தையை ஆராய்ந்து பேரன்ட்ஸ் இணையர் 1950இல் வெளியிட்ட ஆய்வு, நிறமும் நிலையும் இம்மீன்களுக்கு ஒரு மொழி என்பதைக் காட்டியது. எதிரியை நோக்கிச் செவுளை விரிக்கும் முகக்காட்சி அம்மொழியின் ஒரு பகுதி. அதைப் பக்கவாட்டுப் படம் ஒருநாளும் சொல்ல முடியாது. இந்த மாற்றத்தை மீன் புகைப்பட வரலாற்றின் பெரிய திருப்பங்களுள் ஒன்றாகவே கருத வேண்டும். எளிய கருவியால் நிகழ்ந்ததால் அது கவனிக்கப்படாமல் போயிற்று.

புதிய கருவி புதிய பிழைகளையும் கொண்டுவந்தது. பழைய சோக் வைத்த டியூப்லைட் நமது மின்னோட்டத்தில் நொடிக்கு நூறு முறை மின்னி அடங்கும்; கைபேசியின் உணரி படத்தை வரிவரியாகப் படிப்பதால், நொடியில் நூறில் ஒரு பங்கைவிட விரைவாக எடுத்த படத்தில் இருண்ட பட்டைகள் ஓடும். தரங்குறைந்த எல்.இ.டி. விளக்குகளிலும் இக்கோளாறு உண்டு. இன்னும் ஆழமான சிக்கல் நிறத்தில் இருக்கிறது. மீனின் செம்மையை மிகைப்படுத்திக் காட்டும் இளஞ்சிவப்பு விளக்குகளும், படத்தைத் தானாகவே திருத்தும் கைபேசி மென்பொருளும் சேர்ந்து, உண்மையான மீனில் இல்லாத நிறத்தைப் படத்தில் உண்டாக்குகின்றன. விற்பனைக்கான படத்தில் இது வாங்குபவரை ஏமாற்றுவதாகும்; வெண்ணிற விளக்கில் எடுத்த அசைபடத்தையும் சேர்த்துக் கேட்பதே வாங்குபவருக்குப் பாதுகாப்பு.

இவ்வழித்தடத்தின் ஏரிகளிலும் சிக்லிட் உண்டு; ஆனால் அதைத் தொட்டியில் வைத்துப் பார்ப்போர் குறைவு. மக்கள் ஜிலேபிக் கெண்டை என்றழைக்கும் மொசாம்பிக் திலேப்பியா ஆப்பிரிக்கச் சிக்லிட்; 1952இல் இலங்கையிலிருந்து மண்டபத்துக்குக் கொண்டுவரப்பட்டு, பின் நாட்டின் நீர்நிலைகள் பலவற்றில் பரவி, உள்ளூர் மீன்களோடு உணவுக்கும் இடத்துக்கும் போட்டியிடுவதாயிற்று. முட்டையை வாயில் வைத்துக் காக்கும் தாயும், இனப்பெருக்கக் காலத்தில் கருநிறம் ஏறும் ஆணும் கண்ணாடி வழியே காணத்தக்க காட்சிகள். உணவுமீன் என்னும் பெயரால் அதற்கு அந்த மதிப்புக் கிட்டவில்லை. மண்ணுக்குரிய முத்துப்புள்ளிச் சிக்லிட்டோ, சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில் உவர்நீர் மீன்வளர்ப்பு ஆய்வு நிறுவனத்தின் நிலையத்தில் குஞ்சு பொரிக்கப்படுகிறது. செம்மஞ்சள் சிக்லிட் முத்துப்புள்ளிச் சிக்லிட்டின் உடலிலிருந்து ஒட்டுண்ணிகளைக் கொத்தி அகற்றும் உறவை ஆராய்ந்து வைமன், வார்டு இருவரும் 1972இல் பதிவுசெய்தனர். இரண்டையும் ஒரே பெரிய தொட்டியில் வளர்ப்பவர் அந்த உறவைப் பதிய விரும்பினால், விலாவின் முத்துப்புள்ளிகள் வெண்மையாக எரிந்துவிடாதபடி விளக்கை முன்னால் வைக்காமல் மேலேயே வைக்க வேண்டும்; நீரில் சிறிது உப்பைச் சேர்த்து உவர்ப்பாகப் பேண வேண்டும்; வலையால் பிடித்து நிலை மாற்றாமல், மீன்கள் தாமாக நெருங்கும் வரை கேமராவை அசையாமல் நிறுத்திவைக்க வேண்டும்.